கைக்குக் கை கொடுக்காத கத்தரிக்கோல்

1

மூன்றரை வயதுப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒரு மனிதனுக்குத் தூக்கம் போகுமா? எனக்குப் போனது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். காரைக்கால் பக்கம் எங்கள் மீனவ ஊரான மண்டபத்தூரிலேயே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அங்கே மூன்றரை வயதுப் பிள்ளை கத்தரிக்கோலைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். இங்கே தொடாவிட்டால் அப்பனைக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள்.

நான் இருப்பது பாரிஸுக்கு வெளியே, ரயிலில் வந்து பிறகு பஸ்ஸும் ஏற வேண்டிய ஒரு புறநகர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் எல்லோருக்கும் தெரிந்த வழியில்தான் வந்து சேர்ந்தேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே விமானம் ஏறிய மாப்பிள்ளை. என் மனைவி விஜி பத்து வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்தவள். முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போகிறாள். நான் ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் இடத்தில் ராத்திரி வேலை பார்க்கிறேன். அதனால் எங்கள் ஒரே மகன் கவினைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. விஜிக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ பட்டபாடுதான் மிச்சம்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் மெத்ரெஸ் என்னை நிறுத்தினார். மெத்ரெஸ் என்றால் இங்கே சின்னப் பிள்ளைகளின் டீச்சர். நல்ல பெண்மணி, முடியெல்லாம் நரைத்தவர், எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அப்படிப் பேசும்போதுதான் எனக்கு இன்னும் பயம் வரும். சாதாரண விஷயத்தை யாரும் நிறுத்திப் பேசுவதில்லையே. அவர் இரண்டு விரலை விரித்து விரித்து மூடிக் காட்டினார். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினார். நான் "வுய், வுய்" என்று தலையாட்டினேன். புரியாத இடத்தில் வுய் சொல்லிவிடுவது என் வழக்கம். எதற்கு ஆமாம் சொன்னோம் என்பது பிறகு, முகவரி தெரிய ஜன்னல் வைத்த சர்க்கார் உறையில் தபாலாக வரும்போதுதான் தெரியும்.

சாயங்காலம் விஜி பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணுமில்லங்க. எல்லாப் புள்ளைங்களும் பேப்பர் வெட்டுது, இவன் கத்திரியத் தொடவே மாட்டேங்குறானாம். குடுத்தா கையப் பின்னாடி கட்டிக்கிறானாம். லீவுல வெளையாட்டா பழக்கிவிடச் சொல்றாங்க."

"அவ்வளவுதானா?"

"செப்டம்பர்லயும் இப்படியே இருந்தா ஸ்கூல் டாக்டரக் கூப்பிட்டு நம்மளோட உக்காந்து பேசுவாங்களாம்."

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. டாக்டர் எதற்கு? கத்தரிக்கோலுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? கீழ் வீட்டில் கோட்டுச்சேரிக்காரர் சுந்தரம் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷமாக இங்கே இருப்பவர். ஆறுதல் தேடி அவரிடம் போனேன். போயிருக்கக் கூடாது.

"தம்பி, லேசா எடுத்துக்காதீங்க" என்றார். "மொதல்ல கத்திரிம்பான். அப்பறம் புள்ள பேச்சு சரியில்லம்பான். அப்பறம் வீட்டப் பாக்க ஒரு பொம்பள வரும். பீரோவெல்லாம் தொறந்து பாக்கும். யாரோ ஒரு குடும்பத்துல புள்ளையவே கூட்டிக்கிட்டுப் போயிட்டானுவளாம்."

"யாரு குடும்பம்ணே?"

"யாரோ சொன்னாங்க தம்பி. நமக்கெதுக்குப் பேரெல்லாம்?"

பேர் இல்லாத அந்தக் குடும்பம் அன்றிலிருந்து என் தலைக்குள் குடியேறிவிட்டது. படுக்கை விரிப்புகளை மெஷினில் திணிக்கும்போதும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர்களையே நினைத்தேன். என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்கில்லை. அதுதான் பயம்.

2

எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் பிரிட்ஜுக்கு மேல், பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்.

அதற்கொரு காரணம் உண்டு. என் அக்கா செல்விக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பாவின் வலைக் கத்தரியை எடுத்துக்கொண்டு கடற்கரையில் ஓடினாள். படகு கட்டும் கயிறு தடுக்கி விழுந்தாள். நான் பின்னாலேயே ஓடிய சின்னப் பையன். அக்கா எழுந்து திரும்பியபோது முகத்தில் பாதி சிவப்பாக இருந்தது. கண் போய்விட்டது என்றுதான் எல்லோரும் அழுதார்கள். காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் தைத்து, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அதையெல்லாம் அந்த மாதமே மறந்துவிட்டாள். எனக்கு மட்டும் இன்றைக்கும் ஒரு குழந்தை பக்கத்தில் கத்தரி கிடந்தால் எடுத்து ஒளிக்காமல் இருக்க முடிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் கத்தரியையோ கத்தியையோ யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வரும் என்பார்கள். உப்புக்கும் மிளகாய்க்கும்கூட அப்படித்தான், ஆனால் கத்தரி விஷயத்தில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். படகில் அப்பா கத்தியைக் கேட்டால் பலகை மேல் வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். ஆடுகிற படகில் கைக்குக் கை கத்தி கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் முன்னோர்கள் சொன்னார்களா, அல்லது சண்டைக்குப் பயந்தா, எனக்குத் தெரியாது. இரண்டு மாமன் மச்சான் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தால், "எவனாச்சும் கத்திரியக் கையில குடுத்திருப்பான்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். வெறும் கத்தரியைச் சும்மா வெட்டிக்கொண்டிருந்தாலும் வீட்டில் சண்டைதான். அதற்கும் அடி விழும்.

கவின் நடக்கத் தொடங்கியதும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். விஜி காய் நறுக்கும்போது கத்தியை எட்டிக் கேட்டால், "கையில வாங்கக் கூடாது. கையப் பின்னாடி கட்டு" என்பேன். கட்டிக்கொள்வான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. விஜி சிரிப்பாள். "உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்ங்க. சண்டை வர்றதுன்னா கத்தி குடுத்துத்தான் வரணுமா?" என்பாள். எங்கள் வீட்டில் அதுவும் உண்மைதான்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அதை வேடிக்கையாகவே பார்த்த விஜிக்கும் விளங்கவில்லை. பயந்தவனுக்குக் கண்ணுக்கெதிரே இருப்பது தெரியாது.

3

ஜூலையில் ஊருக்குப் போனோம். பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் ஒன்றை இங்கேயே வாங்கி வைத்திருந்தேன். முனை மொண்ணை, பிடி முழுக்கப் பச்சை பிளாஸ்டிக். அது பெட்டிக்குள் கிடக்கிற பயத்தில் விமானத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. சென்னையில் சுங்கக்காரர் எங்கள் பெட்டியைப் பார்த்தபோது இதற்குத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் தள்ளிப் போகச் சொன்னார்.

மண்டபத்தூரில் அக்கா வீட்டில் தங்கினோம். மச்சான் விசைப்படகில் போகிறார். அக்கா விடியலில் மீன் வாங்கிக்கொண்டு காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போய் மதியம் திரும்புவாள். வந்த இரண்டாம் நாளே அலமாரிக்கு மேல் நான் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன், டாக்டர், செப்டம்பர், பேர் தெரியாத குடும்பம் எல்லாவற்றையும்.

"ஏன்டா, இத வச்சு வெண்ணயக்கூட வெட்ட முடியாது போலருக்கு. இதுக்கா நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்த?" என்றாள். "டேய் கவினு, அத்தகிட்ட வாடா."

சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவனையும் எதிரில் உட்கார வைத்தாள். கத்தரியைத் தரையில் வைத்து, "எடுத்துக்க" என்றாள். எடுத்துக்கொண்டான். அவள் கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தத் தழும்பையும் அவன் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் தினத்தாளைக் கொடுத்தாள். அது கத்தரி வாய்க்குள் மடிந்துகொண்டு வெட்டுப்படவே இல்லை. கவின் அழுதுவிட்டான். அக்காவும் ஒன்றும் தெரிந்தவளல்ல, அவளுக்குப் பிறந்த இரண்டும் தானாக வளர்ந்தவை. யோசித்துப் பார்த்து, பரணிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினாள். அந்தத் தடித்த அட்டை மடியவில்லை. சின்ன வாராக அவள் கிழித்துப் பிடிக்க, கவின் கத்தரியால் ஒரு கடி கடித்தான். துண்டு விழுந்தது. இருவரும் கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"சாமி படத்த மட்டும் வெட்டிப்புடாதடா. புள்ளையார எடுத்துத் தனியா வையி" என்றாள். பிள்ளையார்கள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டார்கள். மணமக்கள் துண்டு துண்டானார்கள்.

அடுத்தடுத்த நாள்களில் சப்பாத்தி மாவு வந்தது. மாவைப் பாம்பாக உருட்டி, வாலிலிருந்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். தலை வரும்போது பாம்பு கொத்த வரும், அத்தை அலற வேண்டும். கட்டைவிரல் அடிக்கடி கீழே புரண்டுவிடுகிறது என்று பார்த்து, அந்த விரல் நகத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். "இந்தப் பொட்டு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணும், தெரியுதா?" கத்தரி கெளுத்தி மீனாகிவிட்டது. கெளுத்தி வாயைத் திறக்கும், இரை உள்ளே போனதும் கப்பென்று மூடும். "ஆஆ... கப்பு. ஆஆ... கப்பு." கவின் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எழுந்திருப்பதென்றால் கெளுத்தியைத் தரையில் வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அது மட்டும் கண்டிப்பு.

"ஒனக்கு பயமாவே இல்லியாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டாள். "நான் ஓடுனேன், விழுந்தேன். கத்திரி என்ன பண்ணுச்சு, பாவம்? ஒக்காந்து வெட்டுனா ஒண்ணும் ஆவாது. நீ போய் வெளிய நில்லு. நீ நிக்கிறத பாத்தா புள்ளைக்கும் பயம் ஒட்டிக்கும்."

வெளியே போய் நின்றேன். அங்கே நின்றும் காதை உள்ளேதான் வைத்திருந்தேன். ஆஆ, கப்பு. ஆஆ, கப்பு. சத்தம் நின்றால் வாசலில் வந்து எட்டிப் பார்த்தேன்.

ஒரு மதியம் நான் அசந்துவிட்டேன். விழித்தபோது வீட்டில் சத்தமில்லை. கவின் இல்லை. தரையில் கத்தரியும் இல்லை. சட்டைகூடப் போடாமல் கடற்கரைப் பக்கம் ஓடினேன். மணல் சுட்டது தெரியவில்லை. படகுகளுக்கு நடுவே கயிறு கயிறாகக் கிடந்தது. ஒவ்வொரு கயிற்றிலும் அவன் தடுக்கி விழுவதை நான் பார்த்துவிட்டேன். "கவின், கவின்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பொம்பிளைக் குரலாகக் கேட்டது.

வலைக் கொட்டகையில் நின்றான். பச்சைக் கத்தரி அக்கா மகளின் பையில் பத்திரமாக இருந்தது. அவள்தான் கூட்டி வந்திருக்கிறாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முருகையன் மாமா, அப்பாவோடு கடலுக்குப் போனவர், தன்னுடைய பெரிய கத்தரியை விளையாட்டாக அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தாடா பிரான்சு, புடி. மாமாவுக்கு ஒரு நூலு வெட்டிக் குடு."

கவின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மாமா இன்னும் கொஞ்சம் நீட்டினார். இவன் தலையை ஆட்டினான். கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"பாத்தியளா? வெள்ளக்காரன் ஊருல பொறந்தும் கத்திரியக் கையால வாங்க மாட்டேங்குது புள்ள" என்று மாமா எல்லோருக்கும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒழுங்கா வளத்துருக்கடா தம்பி. ஒங்கப்பன் இருந்திருந்தா சந்தோஷப்பட்டுருப்பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடி வந்த பயமெல்லாம் பெருமையாக மாறி, மூச்சு வாங்கிக்கொண்டே அவனைத் தூக்கிக்கொண்டேன். இவன் நம்ம பிள்ளை, எங்கே வளர்ந்தாலும் நம்ம பிள்ளை என்று நினைத்தேன். அன்று முழுக்க அந்த நினைப்பிலேயே இருந்தேன். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்து யோசிக்க என் புத்திக்கு எட்டவில்லை.

புறப்படும் வாரத்தில் கவின் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மொண்ணைக் கத்தரியால் இறால் மீசை நறுக்கினான். மூக்கில் வியர்வை, வாயில் கப்பு, கப்பு. கத்தரியில் ஏறிய இறால் வாசம் பாரிஸ் வரைக்கும் எங்களோடு வந்தது.

4

செப்டம்பரில் அதே மெத்ரெஸ்தான் இந்த வருஷமும். முதல் நாளே நான் அவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன், "கவின், கத்தரி, நல்லா." அவர் மகிழ்ச்சியாகச் சிரித்தார். இரண்டாவது வாரம் ஜன்னல் வைத்த உறை வந்தது.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு விஜி வரும் வரைக்கும் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் படித்துவிட்டு முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

"மாறலயாம். இப்பவும் கையப் பின்னாடி கட்டிக்கிறானாம். வியாழக்கிழம டாக்டர் வர்றாங்க. நம்மளயும் வரச் சொல்லிருக்காங்க."

"வெட்டுனானே விஜி. நம்ம கண்ணால பாத்தோமே. எறா மீசைய வெட்டுனானே."

"தெரியலங்க. அங்க மட்டும் ஏன் பண்ணலன்னு தெரியல." அந்த வியாழக்கிழமை அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இல்லத்தில் ஆள் குறைவு. "நீங்க போங்க. புரியாததுக்கு வுய் மட்டும் சொல்லிடாதீங்க. கையெழுத்து கேட்டா வீட்டுக்குக் கொண்டாந்து போடுறேன்னு சொல்லுங்க."

போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன், அது எதற்கு உதவும் என்று தெரியாமல். காலையிலேயே வீட்டைப் பெருக்கித் துடைத்து, பீரோவை அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். யாராவது அன்றைக்கே திறந்து பார்க்க வந்துவிட்டால் என்ன செய்வது?

வகுப்பறையில் இருந்தவை எல்லாம் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தேன். எதிரே மெத்ரெஸ், பக்கத்தில் டாக்டர், கண்ணாடி போட்ட இளம்பெண். மடியில் ஒரு பேடும் பேனாவும். அந்தப் பேனாவை விட்டு என் கண் நகரவே இல்லை. அவர் கேட்டார், நான் பாதி புரிந்து பதில் சொன்னேன். வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறதா? இருக்கிறது. எங்கே? பிரிட்ஜுக்கு மேல். பேனா எழுதியது. பிள்ளைக்கு எப்போதாவது கத்தரியால் அடிபட்டதுண்டா? இல்லை. யாராவது பயமுறுத்தியதுண்டா? நான் வுய்யும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கவினைக் கூட்டி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தான். மெத்ரெஸ் அவன் முன்னால் மண்டியிட்டார். சிவப்புக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து, முகம் முழுக்கக் கனிவோடு, அவன் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டினார்.

கவின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் சரியாகத்தானே செய்கிறேன் அப்பா, என்று கேட்கிற பார்வை அது.

அந்தப் பார்வை என்னை எங்கே அடித்தது என்று சொல்ல முடியாது. வலைக் கொட்டகையும் முருகையன் மாமாவும் அவர் சொன்னதும் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. ஒழுங்கா வளத்துருக்கடா தம்பி. இத்தனை நாளும் என் பிள்ளை இங்கே ஒழுங்காக இருந்திருக்கிறான். அதைத்தான் இவர்கள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எழுந்தேன். நாற்காலி என்னோடு ஒட்டிக்கொண்டு எழுந்து கீழே விழுந்தது. சொல்ல வேண்டியது தமிழில் அருவி மாதிரி வந்தது. பிரெஞ்சில் ஒரு சொட்டும் வரவில்லை. சண்டை என்பதற்கான சாதாரண வார்த்தை ஞாபகத்தில் இல்லை. தொலைக்காட்சிச் செய்தியில் தினமும் கேட்கும் வார்த்தைதான் வந்தது. "எங்கள் வீட்டில், கை, கை, போர் வரும்" என்றேன்.

மெத்ரெஸும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனா காகிதத்தில் போய் நின்றது. என் வாயாலேயே என் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பேசினால் இன்னும் கெடும். நான் மேசையைத் தட்டிக் காட்டினேன். "மதாம், இங்கே. மேசை. தயவுசெய்து." மெத்ரெஸுக்குப் புரியவில்லை. மறுபடியும் தட்டினேன். அவர் தயங்கித் தயங்கிக் கத்தரியை மேசை மேல் வைத்துக் கையை எடுத்தார்.

கவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்தரியை எடுத்தான். கட்டைவிரல் நகத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பொட்டு இல்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டான் போல. எதிரே இருந்த தாளை எடுத்து, "ஆஆ... கப்பு. ஆஆ... கப்பு" என்று ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனான். மெத்ரெஸ் வாயில் கைவைத்துக்கொண்டார். வெட்டி முடித்து, கத்தரியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, தன் பொம்மைக் கூடையைப் பார்க்கப் போய்விட்டான்.

டாக்டர் வெட்டி விழுந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், இந்த முறை முழுக்கப் புரிந்தது: "அவனுக்குப் பயமா?"

"அவனுக்கு இல்லை" என்றேன். "எனக்கு."

அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். நான் உட்கார நாற்காலியைத் தேடினேன். மெத்ரெஸ் எடுத்து நிமிர்த்தி வைத்தார். கைவிரலும் மேசையும் காட்டி ஊர் வழக்கத்தை ஒருவாறு விளக்கினேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள், சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இங்கே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கத்தரியைக் கைமாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் மெத்ரெஸ். மூடிய அலகைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, பிடியை எதிராளியின் பக்கம் நீட்டிக் காட்டினார். "இப்படி நான் சொல்லிக்கொடுக்கட்டுமா?"

"வுய்" என்றேன். எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்தே சொன்ன வுய் அது.

5

பிரிட்ஜுக்கு மேல் இருந்த டப்பாவில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. பச்சைக் கத்தரி கவினின் மேசையில் கிடக்கிறது. அவன் வெட்டும் சத்தம் கேட்கும் அறையில் இப்போதெல்லாம் என்னால் உட்கார்ந்திருக்க முடிகிறது. நிம்மதியாக என்று சொன்னால் பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தரையில் உட்கார்ந்து ஏதோ விளம்பரத் தாளிலிருந்து படகு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வான். கவனித்துக் கேட்டேன். ஆஆ, கப்பு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லும் ஏதோ பிரெஞ்சுப் பாட்டு அந்த இடத்துக்கு வந்திருந்தது. எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் ராத்திரி வேலைக்குப் போயிருந்தபோது மாறியிருக்கும்.

முடித்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தான். அலகை மூடித் தன் சின்னக் கைக்குள் பொத்திக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டினான்.

"தியேன், பப்பா."

இந்தாங்கப்பா என்கிறான். என் இரண்டு கைகளும் நான் சொல்லாமலே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

அவன் காத்திருந்தான். அந்த மெத்ரெஸ் மாதிரியே தலையைச் சாய்த்து, அதே கனிவோடு, இன்னும் கொஞ்சம் நீட்டினான். பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற முகம். விஜி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை முன்னால் கொண்டுவந்து வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கையிலிருந்து கத்தரியை வாங்கினேன். அவன் "பிராவோ" என்று சொல்லிவிட்டுப் படகோடு ஓடினான்.

மனசு கேட்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கையால வாங்கிட்டியா?" என்றாள். "போச்சு போ. வளந்து ஒங்கிட்ட நல்லா சண்டப் போடப் போறான் பாரு."

"போடட்டும்க்கா. எந்தப் பாஷையில போடுவான்னுதான் பயமா இருக்கு."

அக்கா எதற்கும் கையில் பதில் வைத்திருப்பவள். அன்று, "போனைப் புள்ள கையில குடுடா" என்றாள்.